மதிலுக்கு அடுத்த பக்கம்: வன்னியில் வீடு வாங்குமுன் கேட்டறிய வேண்டியவை

வன்னியில் வீடு வாங்குகிறவர்கள் உறுதியை (காணிப் பத்திரத்தை)ப் பார்க்கிறார்கள், நில அளவைப் படத்தைப் பார்க்கிறார்கள், கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்தும் பார்க்கிறார்கள். பக்கத்துக் காணியில் என்ன வரப்போகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. குடிபுகுந்த ஆறாம் மாதம் வேலிக்கு அப்பால் நெல் ஆலைக்கு அத்திவாரம் வெட்டுவார்கள், அல்லது வயலில் கிரவல் கொட்டத் தொடங்குவார்கள். அன்றைக்கே வீட்டின் விலை இறங்கிவிடும். விற்றவருக்கு விடயம் முன்பே தெரிந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

உறுதியில் விற்பவர் கொடுக்கும் உத்தரவாதம் காணியின் உரித்துக்கு மட்டுமே. வேறொருவர் வந்து காணி தன்னுடையது என்றால் அது உதவும். அயற்காணியில் ஆலை வந்தால் உதவாது. ஆலை உங்கள் காணியின் குறைபாடு அல்ல. சுவரில் பூசி மறைத்த வெடிப்புக்கு விற்றவரைப் பொறுப்பாக்க வழி உண்டு. அயலில் வரவிருந்த கட்டடத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தார் என்பதற்காக மட்டும் அவரைப் பிடிப்பது மிகக் கடினம். கேட்டபோது பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் நிலைமை வேறு. ஆகவே கேட்க வேண்டும், பதிலை எழுத்தில் வாங்க வேண்டும், இரண்டையும் உறுதி முடிக்க முன்னர் செய்ய வேண்டும். உறுதி முடிந்தால் முத்திரைத் தீர்வையும் போய்விடும். முதல் 1,00,000 ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்ற கணக்கில் 60 இலட்சம் ரூபா வீட்டுக்கு அது 2,39,000 ரூபா. வீடு பிடிக்கவில்லை என்பதற்காக அந்தக் காசு திரும்பி வராது.

முதலில் காலால் பார்ப்பது

வீட்டுக்குள் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. காணியின் நான்கு மூலையிலிருந்தும் அரைக் கிலோமீற்றர் வரை நடவுங்கள். ஒருநாள் காலையிலும் இன்னொருநாள் இரவு எட்டு மணிக்குப் பிறகும் போக வேண்டும். புதிதாக நட்ட அளவைக் கற்கள், மரங்களில் பூசிய நிறக் குறிகள், வெறுங்காணிக்குள் தனியாக நிற்கும் பெரிய ட்ரான்ஸ்போமர், ஆள் இல்லாத இடத்தில் அடித்த குழாய்க் கிணறு, ஒழுங்கையை உடைத்திருக்கும் டிப்பர்த் தடம் என்று எது கண்ணில் பட்டாலும் ஏன் என்று கேளுங்கள். நேர்கோட்டில் வரிசையாகக் குறி போட்ட மரங்கள் பெரும்பாலும் மின்கம்பிப் பாதையையோ வீதி அகலிப்பையோ காட்டும்.

கேட்க வேண்டிய ஆள் வீட்டுக்காரரோ தரகரோ அல்ல. மூன்று வளவு தள்ளி இருக்கிற அம்மாவிடமும் சந்திக் கடைக்காரரிடமும் கேளுங்கள். 'இந்தப் பக்கம் ஏதும் வருதாமோ?' என்று பொதுவாகக் கேட்டால் 'தெரியாது தம்பி' என்றுதான் பதில் வரும். 'ஆட்சேபனை இல்லை எண்டு யாராவது உங்களிட்டை கையெழுத்து வாங்க வந்தவையோ?' என்று கேளுங்கள். ஆலை, எரிபொருள் நிரப்பு நிலையம், கோழிப்பண்ணை, தொலைபேசி ரவர் போன்றவற்றுக்கு அனுமதி எடுப்பவர்கள் அயலவரிடம் கையொப்பம் வாங்குவது வழக்கம். வந்திருந்தால் அந்த அம்மாவுக்கு நினைவிருக்கும்.

நெல் ஆலை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளில் வீட்டுக்கு அருகே வரக்கூடியவற்றில் இதுவே அதிகம் எதிர்பார்க்க வேண்டியது. பச்சையரிசி மட்டும் குத்தும் ஆலை என்றால் தூசியும் சத்தமும்தான். புழுங்கல் ஆலையில் நெல்லைத் தொட்டிகளில் ஊற வைப்பார்கள். ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். நாளுக்கு 10,000 கிலோ அவிக்கும் ஆலையிலிருந்து 10,000 லீற்றருக்குக் குறையாத ஊறல் தண்ணீர் எங்கோ போயாக வேண்டும். அது புளித்த தண்ணீர். மண் வாய்க்காலில் விட்டால் அடியில் கறுத்த சேறு படிந்து, வெயில் இறங்கும் நேரத்தில் நாற்றம் கிளம்பும். பக்கத்துக் கிணற்றுக்கும் அது போய்ச் சேரும். கொதிகலனில் எரிவது உமி. உமிச் சாம்பல் மிகவும் இலேசு. கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கறுப்புப் பொட்டாக விழும், தட்டினால் கோடாக இழுபடும்.

இதனால் காற்றுத் திசையைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் அளந்து பயனில்லை. மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் தென்மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். வீட்டுக்குத் தென்மேற்கே ஆலை வந்தால் சாம்பல் அந்த மாதங்கள் முழுவதும் முற்றத்தில்தான். வடகிழக்கே வந்தால் வாடை வீசும் மாதங்களில் வரும். காலபோக நெல் ஆலைக்குள் வந்து குவியும் ஜனவரி, பெப்ரவரியிலும் வாடைதான் வீசுகிறது. வடமேற்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும் ஆலை அதே தூரத்தில் இருந்தாலும் தொல்லை குறைவு.

ஏற்கெனவே ஆலை இருக்கிற இடத்தில் வீடு பார்க்கிறீர்களானால் பெப்ரவரி, மார்ச்சில் போய்ப் பாருங்கள். ஒக்ரோபர், நவம்பரில் நெல் வரத்து இராது. பல ஆலைகள் பூட்டிக் கிடக்கும், ஊர் மணமில்லாமல் இருக்கும். வீடு விற்பவர்கள் அந்த மாதங்களில் காட்ட விரும்புவது தற்செயல் அல்ல.

கட்டடம் இன்னும் அத்திவார நிலையில் இருந்தால் அது களஞ்சியமா ஆலையா என்று கண்டுபிடிக்கலாம். களஞ்சியத்துக்கு வெறும் நிலம் போதும். ஆலைக்கு வரிசையாகச் சீமெந்துத் தொட்டி, புகைக்கூட்டுக்கென்று தனியாக ஒரு தடித்த அடித்தளம், நெல் காயவிட விரிந்த சீமெந்துக் களம், மும்முனை மின்சாரம் எல்லாம் வேண்டும். தொட்டியைக் கண்டால் களஞ்சியம் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

வயல் நிரப்புதல்

இது சத்தமில்லாமல் வரும், ஆனால் வீட்டைக் கெடுப்பதில் ஆலைக்குக் குறைந்ததல்ல. கால் ஏக்கர், அதாவது நான்கு பரப்பு, 10,890 சதுர அடி. அதை 3 அடி உயர்த்த ஏறக்குறைய 327 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கிரவல் வேண்டும். 3 கியூப் டிப்பரில் 109 லோட். அந்த மண் நிற்கிற இடத்தில் முன்பு மாரித் தண்ணீர் நின்றது. இனி அது தாழ்ந்த காணியைத் தேடி வரும். தாழ்ந்த காணி உங்களுடையதாக இருந்தால் கார்த்திகையில் மலசலகூடக் குழி நிரம்பும், மார்கழியில் கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கும்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. மேசன் வைத்திருக்கும் 50 அடித் தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் செய்யுங்கள். ஒரு முனையை வீட்டுப் படியிலும் மறு முனையை அயற்காணி எல்லையிலும் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து நிலத்துக்கு உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து கழித்தால் எது உயரம், எவ்வளவு உயரம் என்று அங்குலக் கணக்கில் வரும். குமிழி ஒன்று இருந்தாலும் அளவு பிழைக்கும். அவசரத்தில் பலரும் செய்யும் தவறு இதுதான். பிறகு ஒழுங்கையின் மதகு எந்தப் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோகிறது, அந்த வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலவரைக் கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவில் அந்த வெள்ளத்தைத் தங்கள் சுவரில் காட்டத் தெரியாதவர்கள் இல்லை. அந்த அடையாளத்துக்குப் பிறகு சுற்றிலும் எத்தனை காணி உயர்த்தப்பட்டது என்பது அடுத்த கேள்வி.

வயற்காணியை நிரப்பவோ அதில் கட்டடம் கட்டவோ 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்து அனுமதி வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று கமநல சேவை நிலையத்தில் கேட்கலாம், இல்லையென்றால் அங்கேயே முறையிடலாம். டிப்பர் ஓடத் தொடங்கிய முதல் கிழமையிலேயே போக வேண்டும். கொட்டிய மண்ணைத் திருப்பி அள்ள வைத்த கதை அரிது.

அலுவலகங்களில்

முதலில் உங்களுக்கு விற்கப்படுவது என்ன காணி என்று தெளிவாகுங்கள். குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப் பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ கொடுத்த பெர்மிட், அளிப்புக் காணிகள். பெர்மிட் காணியைக் கை எழுத்தில் வாங்கியவர் வாங்கியவரே அல்ல. அவருக்கு இந்தக் கட்டுரை உதவாது.

அயலில் இருப்பது அரச காணியா தனியார் காணியா என்பதைக் கிராம அலுவலரிடமும், பிரதேச செயலகக் காணிப் பகுதியிலும் கேளுங்கள். வெறுமனே கிடக்கும் அரச காணி என்றைக்கும் வெறுமனே கிடக்கும் என்று எண்ண வேண்டாம். குத்தகைக்கு யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா, ஏதாவது திணைக்களம் ஒதுக்கக் கேட்டிருக்கிறதா என்று காணி உத்தியோகத்தருக்குத் தெரியும். காணி சுவீகரிப்புச் சட்டத்தின் (1950, 9ஆம் இலக்கம்) 2ஆம் பிரிவு அறிவித்தல், அதாவது அரசுக்கு அங்கே காணி தேவை என்ற அறிவித்தல், அந்தப் பகுதியில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். அந்த அறிவித்தல் வந்த பிறகுதான் பல வீடுகள் விலைக்கு வருகின்றன.

பிரதேச சபையில் வீதி எல்லை, கட்டட எல்லைச் சான்றிதழ்களை எடுங்கள். ஏ9 போன்ற பெருவீதி ஓரமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட எல்லையும் வேண்டும். மதிலும் முன் அறையும் எல்லைக்குள் நிற்கிறதா என்று நில அளவையாளர் படத்தில் குறிக்கட்டும். பெரிய மின்கம்பிப் பாதைக்கு வழியுரிமை (காணிக்கு மேலாகக் கம்பி கொண்டுசெல்லும் உரிமை) அறிவித்தல் வந்ததா என்று விற்பவரையே கேளுங்கள். வவுனியாப் பக்கம் கல்குவாரிக்கு அருகே என்றால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் உரிமம் எதுவரை செல்லுபடியாகும் என்பதைக் கேளுங்கள். வாங்கும் நாளில் எல்லாச் சுவர்களையும், பக்கத்தில் அடிமட்டம் பிடித்து, படம் எடுத்து வையுங்கள். வெடி வைத்ததால் வந்த வெடிப்பு என்று பிறகு சொல்ல, வெடிப்பு இல்லாத சுவரின் படம் வேண்டும்.

'இங்கே பெரிய திட்டம் வருகிறது, விலை ஏறும்' என்று தரகர் சொன்னால் அதற்கும் கடதாசி கேளுங்கள். பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. வலயத்துக்கு ஒரு கிலோமீற்றரில் உள்ள கடைக்காணிக்கு அது நன்மை. வேலியோடு ஒட்டிய குடிமனைக்கு அப்படியல்ல. திட்டங்கள் இடம் மாறவும் செய்யும். 2016இல் வவுனியாப் பொருளாதார மத்திய நிலையம் தாண்டிக்குளத்திலா ஓமந்தையிலா என்று இழுபறிப்பட்டு, கடைசியில் கட்டடம் எழுந்தது மதவுவைத்தகுளத்தில்.

வாய்ப்பேச்சில் கேட்டதை எழுத்தாக்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. இலங்கைப் பிரசை மட்டுமே கேட்கலாம். கனடா, சுவிஸ் பிரசையாகிவிட்டவர் தன் பெயரில் கேட்காமல் ஊரிலுள்ள உறவினர் பெயரில் கேட்பிக்க வேண்டும். பிரதேச சபைத் தகவல் உத்தியோகத்தருக்கு இப்படி எழுதலாம்:

'… கிராம அலுவலர் பிரிவு, … வீதியில் உள்ள … காணியிலிருந்து 500 மீற்றருக்குள், கடந்த மூன்று ஆண்டுகளில் கிடைத்த கட்டட விண்ணப்பங்கள், சுற்றாடல் பாதுகாப்பு உரிம விண்ணப்பங்கள், வழங்கிய அனுமதிகள், அவற்றுக்குக் கிடைத்த ஆட்சேபனைகள், அயலவர் சம்மதக் கடிதங்கள் ஆகியவற்றின் பிரதிகளைத் திகதிகளுடன் தரவும்.'

'ஏதாவது கட்டடம் வருமா?' என்று எழுதினால் 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எந்தக் கோவை, எந்தக் காலம், எவ்வளவு தூரம் என்று குறித்தால்தான் தேட வேண்டிவரும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும், நீடிப்புக் கேட்கவும் இடமுண்டு. ஆகவே அட்வான்சுக்கும் உறுதிக்கும் இடையே குறைந்தது எட்டுக் கிழமை வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் 'அடுத்த கிழமையே முடிக்க வேணும்' என்று நெருக்கினால் அந்த அவசரத்தின் காரணத்தை முதலில் அறியுங்கள்.

உடன்படிக்கையில் எழுத வேண்டியது

முற்பணத்தை ஒரு துண்டுக் கடதாசியில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது வன்னியில் இன்னும் நடக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். நொத்தாரிசிடம் விற்பனை உடன்படிக்கை எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். வழக்கமான வாசகங்களுக்கு மேலதிகமாக இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்:

'இக்காணியையோ 500 மீற்றருக்குள் உள்ள எக்காணியையோ பற்றிய சுவீகரிப்பு, வழியுரிமை, வீதி அகலிப்பு, கட்டடம், தொழிற்சாலை சம்பந்தமான எந்த அறிவித்தலும் தமக்குக் கிடைக்கவில்லை என்றும், அப்படியான எதற்கும் தாம் சம்மதக் கையொப்பமோ ஆட்சேபனை மனுவோ கொடுக்கவில்லை என்றும் விற்பவர் கூறுகிறார். இக்கூற்றை நம்பியே வாங்குபவர் வாங்குகிறார். இது பிழையென்று தெரியவந்தால் விலை, முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கூலி, ஏற்பட்ட நட்டம் ஆகியவற்றை விற்பவர் திருப்பிக் கொடுப்பார். இவ்வாசகம் உறுதி முடிந்த பின்னரும் செல்லுபடியாகும்.'

கடைசி வரியை விட்டால் உறுதியோடு உடன்படிக்கை முடிந்துவிட்டது என்று வாதாடுவார்கள். இரண்டாம் வரிதான் உங்கள் வழக்கின் முள்ளந்தண்டு: அவருடைய சொல்லை நம்பி வாங்கினீர்கள் என்பதை அது காட்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து அற்றோணித் தத்துவக்காரர் (அவருக்காகக் கையொப்பமிட அதிகாரம் பெற்றவர்) கையெழுத்து வைக்கிறார் என்றால், கூற்றை வீட்டுக்காரரே கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டி 'எனக்குத் தெரியாது' என்பார்.

இந்த வாசகத்தைக் காட்டும்போது நேர்மையான விற்பவர் யோசித்துவிட்டுச் சிலதைச் சொல்வார். சொன்னது விலையைக் குறைக்க மட்டும் போதுமான விடயமாகவும் இருக்கலாம். வாசகத்தைக் கண்டதும் கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு தெரியவந்தால்

முதல் வேலை சண்டை அல்ல, திகதி. அயற்காணி விண்ணப்பம் சபைக்குப் போன திகதி எது, உங்கள் உறுதித் திகதி எது? விண்ணப்பம் பிந்தியது என்றால் விற்றவர் மீது குறை இல்லை. முந்தியது என்றால் அவருக்குத் தெரிந்ததா என்பது அடுத்தது. தகவல் உரிமையில் வரும் கோவைக்குள் அவருடைய சம்மதக் கையொப்பம் இருக்கலாம், ஆலைக்கு எதிரான ஊர் மனுவில் அவரது பெயரே முதலாவதாகவும் இருக்கலாம். அதைவிடப் பலமான சான்று கிடைக்காது.

பொய்யுரைத்து ஏற்படுத்திய நட்டத்துக்கு வழக்குப் போட, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இரண்டு ஆண்டுதான் காலம். எழுத்து உடன்படிக்கை மீறலுக்கு ஆறு ஆண்டு. அந்த வாசகம் இல்லாமல் வாங்கியவர் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. சட்டத்தரணியிடம் உடனே போக வேண்டும். நட்டத்தை மதிப்பிட வருபவரிடம் இன்றைய விலையைக் கேட்காதீர்கள். உறுதித் திகதியன்று, அயலில் ஆலை வருவது தெரிந்திருந்தால் என்ன விலை, தெரியாதபோது என்ன விலை என்று இரண்டு தொகையை எழுதச் சொல்லுங்கள். அந்த வித்தியாசம்தான் நட்டம். பிறகு ஊரில் விலை ஏறியதும் இறங்கியதும் அதற்குள் கலக்கக் கூடாது. அரசு அயற்காணியைச் சுவீகரித்து உங்களுடையதைத் தொடாவிட்டால் விலை இறங்கியதற்கு நட்டஈடு எதிர்பார்க்க முடியாது. உங்கள் காணியில் ஒரு துண்டாவது எடுத்தால், மிஞ்சிய பகுதிக்கு வந்த பாதிப்பையும் சேர்த்துக் கேட்கலாம். கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் பலர்.

கட்டடத்தின் பக்கம் வேறு வேலை இருக்கிறது. அனுமதி இல்லாமல் எழுகிறது என்றால் சபைக்குப் பதிவுத் தபாலில் ஆட்சேபனை அனுப்பி, பிரதியை நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபை மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். சத்தத்துக்கு 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் அளவு உண்டு: பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45; நகரப் பகுதியில் 63, 50; கட்டுமான வேலைக்குப் பகலில் 75. கைபேசிச் செயலி காட்டும் எண் முறைப்பாட்டுக்குத் துணையாகுமே தவிர ஆதாரமாகாது. சுற்றாடல் அதிகார சபையின் அளவீட்டைக் கேளுங்கள். நாற்றம், சாம்பல், கழிவுத் தண்ணீருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அது வீசும் நேரத்திலேயே அழையுங்கள். காலை பத்து மணிக்கு வந்து மூக்கைப் பிடிக்காமல் திரும்பிப் போனவரின் அறிக்கை உங்களுக்கு எதிராக நிற்கும். பொதுத் தொல்லை என்று காட்ட முடிந்தால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் நீதவான் கட்டளை பெற வழி உண்டு. ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போவதைவிட நான்கைந்து வீட்டார் சேர்ந்து போக வேண்டிய இடம் அது.

அனுமதியோடு கட்டிய ஆலை பெரும்பாலும் போகாது. அப்போது கேட்க வேண்டியவை நிபந்தனைகள்: ஊறல் தண்ணீருக்கு மூடிய தொட்டியும் சுத்திகரிப்பும், சாம்பலுக்கு நனைத்து மூடும் குழி, புகைக்கூட்டுக்குப் போதிய உயரமும் சாம்பல் பிடிக்கும் அமைப்பும், இரவு வேலைக்கு நேர எல்லை. மத்தியஸ்தர் சபையில் இவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்கலாம். அதைவிடக் கனமானது சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், ஏனென்றால் அது புதுப்பிக்கப்பட வேண்டியது. உரிமத்தின் பிரதியை எடுத்து, முடிவுத் திகதியைக் கலண்டரில் குறித்து, அதற்கு இரண்டு மாதம் முன்னரே திகதியிட்ட படங்களோடும் அயலவர் கையொப்பங்களோடும் ஆட்சேபனையைக் கையளியுங்கள். புதிய உரிமம் எழுதப்படும் மேசையில் உங்கள் கடிதமும் அப்போது இருக்கும்.